நடுத்தர அளவு மடக்காத கத்தி: பார்த்து வாங்க வேண்டியவை, நாமே மாற்றிக்கொள்ளக்கூடியவை

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நான்கு முதல் ஐந்து அங்குலம் வரை அலகுள்ள, மடக்காத கத்தி ஒன்று வேண்டும். மலையேற்றம், முகாம், மரம் செதுக்குதல் எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றே போதுமானதாக இருக்க வேண்டும். மோராக்னிவ் கார்பெர்க், எஸ்ஸீ-4, பெக்கர் வரிசையில் பி.கே.16, பி.கே.2, ஃபால்க்னிவன் எஃப்1 என ஐந்தைக் குறித்து வைத்திருக்கிறீர்கள். எதை வாங்குவது என்பது ஒரு கேள்வி. வாங்கியபின் பிடி, பூச்சு, கூர், உறை ஆகியவற்றில் எவ்வளவு தூரம் கைவைக்கலாம் என்பது இன்னொரு கேள்வி.

இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது என்று நினைக்கிறேன். ஒரு கத்தியில் வீட்டு மேசையில் உட்கார்ந்து மாற்றக்கூடியவை சில. தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாதவை சில. அலகின் தடிப்பு, எஃகைச் சூடாக்கிக் குளிர்வித்துக் கொடுத்த பதம், கூர் எந்த இடத்தில் தொடங்குகிறது, பிடி கழற்றக்கூடியதா, வார்த்து ஒட்டியதா என்பவை இரண்டாம் வகை. வாங்கும்போது இவற்றை மட்டும் பாருங்கள். கூர்க் கோணம், பிடியின் உருவம், பூச்சு, உறை எல்லாம் பிறகு உங்கள் விருப்பம். கடைகளிலும் விளம்பரங்களிலும் பெரிதாகப் பேசப்படுபவை பெரும்பாலும் முதல் வகை என்பது வேடிக்கை.

தடிப்பிலிருந்து தொடங்குகிறேன். கார்பெர்க்கின் அலகு 109 மில்லிமீட்டர் நீளமும் 3.2 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்டது. எஸ்ஸீ-4 சுமார் 114 மி.மீ. நீளம், 4.8 மி.மீ. தடிப்பு. பி.கே.16 சுமார் 111 மி.மீ. நீளம், 4.2 மி.மீ. தடிப்பு. எஃப்1 நீளத்தில் சிறியது, 97 மி.மீ.; தடிப்போ 4.5 மி.மீ. பி.கே.2 மட்டும் வேறு ஜாதி: 133 மி.மீ. நீளம், கால் அங்குலத் தடிப்பு, எடை ஏறத்தாழ 450 கிராம்.

முதுகின் தடிப்பை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. அந்தத் தடிப்பு எங்கிருந்து, எவ்வளவு சாய்வாகக் குறைந்து கூருக்கு வருகிறது என்பதுதான் கத்தியின் குணத்தைத் தீர்மானிக்கிறது. எஸ்ஸீ-4 ஃபிளாட் கிரைண்ட் வகை. முதுகுக்கு அருகிலிருந்தே இரு பக்கமும் சரியத் தொடங்கி, ஏறத்தாழ 30 மி.மீ. தூரத்தில் கூரை எட்டுகிறது. 4.8 மி.மீ. தடிப்பு 30 மி.மீ. தூரத்தில் கரைந்தால் இரு பக்கமும் சேர்ந்த கோணம் ஒன்பது பாகைக்கு அருகில் வரும். கார்பெர்க் ஸ்காண்டி வகை. அலகின் பெரும்பகுதி முழுத் தடிப்பிலேயே இறங்கி வந்து, கடைசியில் ஏழெட்டு மில்லிமீட்டர் மட்டும் ஒரே சரிவாக இறங்குகிறது. அந்தச் சரிவின் கோணம் 25 பாகையை ஒட்டி இருக்கும். ஆக, தடித்த கத்தியான எஸ்ஸீ-4 அட்டை, தடித்த கயிறு போன்றவற்றை ஆழமாக அறுக்கும்போது சிக்காமல் போகிறது. மெல்லிய கார்பெர்க்கோ சரிவு தொடங்கும் தோள் வரை இறங்கியதும் பொருளைப் பிளக்கப் பார்க்கிறது. மரம் சீவும்போது கதை தலைகீழ். ஸ்காண்டியின் அகலமான சரிவு மரத்தின்மேல் தட்டையாகப் படிந்து, எந்தக் கோணத்தில் தள்ள வேண்டும் என்று கைக்குச் சொல்லிவிடும். தீ மூட்டுவதற்கான இறகுச் சீவலை முதல்முறையாகச் செய்பவர்கூடக் கார்பெர்க்கில் அரை மணி நேரத்தில் உருப்படியாகச் செய்துவிடுவார்.

ஸ்காண்டி கத்தி எது கைக்கு வந்தாலும் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சரிவின் உயரத்தை அலகின் தடிப்பால் வகுக்க வேண்டும். விடை 2.25 என்றால் கோணம் 25 பாகை. 2.8 வந்தால் 20 பாகை. மரம் சீவ அருமையாக இருக்கும், கணுவில் பட்டால் கூர் மடியும். 1.9-க்குக் கீழே வந்தால் 30 பாகையைத் தாண்டிவிட்டது. அந்தக் கத்தியை ஸ்காண்டி என்று சொல்லி விற்பார்கள், ஆனால் சீவலுக்கு ஆகாது. நான்கு மில்லிமீட்டர் தடிப்பில் நல்ல ஸ்காண்டி வேண்டுமென்றால் ஒன்பது மில்லிமீட்டர் உயரத்துக்குச் சரிவு இருந்தாக வேண்டும். அளவுகோலும், தடிப்பை நுணுக்கமாக அளக்கும் வெர்னியரும் இருந்தால் போதும். விற்பனையாளரின் வாய்ச்சொல் தேவையில்லை.

அடுத்தது, பெரும்பாலான ஒப்பீடுகளில் காணாமல் போகும் விஷயம்: கூர் எங்கே தொடங்குகிறது? எஸ்ஸீ-4-இல் பிடிக்கும் கூருக்கும் இடையே ஆள்காட்டி விரல் வைக்க ஒரு வளைவு வெட்டியிருக்கிறார்கள். அதனால் 114 மி.மீ. அலகில் கூரான பகுதி 104 மி.மீ. அளவுதான். நுணுக்கமான வேலைக்கு விரலை முன்னே கொண்டுபோக அந்த வளைவு உதவும் என்பது உண்மை. ஆனால் மரத்தில் அழுத்திச் சீவும்போது பலம் முழுவதும் கைக்கு மிக அருகில் உள்ள கூரில்தான் இருக்கிறது. அந்த இடத்தில் கூரே இல்லை என்றால் மணிக்கட்டுதான் விலை கொடுக்கும். கார்பெர்க்கில் கூர் பிடியை ஒட்டித் தொடங்குகிறது. எஃப்1-இலும் கிட்டத்தட்ட அப்படியே. பி.கே.16-இல் தீட்டும் வசதிக்காகச் சின்னப் பள்ளம் ஒன்று மட்டும் உண்டு. விரல் வளைவுள்ள கத்தியை வாங்கிவிட்டு, பிறகு அது பிடிக்கவில்லை என்றால் ஒன்றும் செய்வதற்கில்லை. ஆகவே கடையில் பிடிக்கும்போதே சீவும் பாவனையில் கையை வைத்துப் பாருங்கள்.

எஃகைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது, ஆனால் சுருக்கமாகச் சொல்கிறேன். எஸ்ஸீயும் பெக்கரும் 1095 என்னும் கார்பன் எஃகுக் குடும்பம். நூற்றில் ஒரு பங்கை ஒட்டிய கார்பன் உண்டு, துருவைத் தடுக்கும் அளவுக்குக் குரோமியம் கிடையாது. எஸ்ஸீ அதை, எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் சி அளவில் 55 முதல் 57 வரை மட்டுமே கடினப்படுத்துகிறது. வேண்டுமென்றே செய்ததுதான் அது. 1095 உயர்ந்த கடினத்தில் எளிதில் சிதறும். இந்த அளவில் வைத்தால் கூர் உடைவதற்குப் பதிலாக மடியும், மடிந்ததை வெளியிலேயே கல்லில் நிமிர்த்திக்கொள்ளலாம். கார்பெர்க்கின் 14சி28என் எஃகில் குரோமியம் 14 சதவீதம், கூடவே கொஞ்சம் நைட்ரஜன். ஈரத்தோடு உறையில் போட்டாலும் மறுநாள் காலை பெரும்பாலும் அப்படியே இருக்கும். எஃப்1 பல ஆண்டுகளாக விஜி10 எஃகை நடுவில் வைத்து இரு பக்கமும் மென்மையான துருப்பிடிக்காத எஃகைப் பொருத்திய அடுக்கு அலகாக வந்தது. 1995 முதல் சுவீடன் விமானப்படை விமானிகளின் உயிர்காப்புக் கத்தி அதுதான்.

குரோமிய சதவீதத்தை மட்டும் வைத்துத் துருவை அளக்காதீர்கள். டி2 எஃகில் 12 சதவீதம் குரோமியம் இருந்தும் அது துருப்பிடிக்கிறது. 2021-இல் லாரின் தாமஸ் வடிவமைத்து வெளிவந்த மேக்னாகட் எஃகில் 10.7 சதவீதம்தான், ஆனால் துருவைத் தாங்குவதில் அது டி2-ஐ எங்கேயோ விஞ்சி நிற்கிறது. காரணம் எளிது. டி2-இல் குரோமியத்தின் பெரும்பகுதி கார்பனோடு சேர்ந்து கார்பைடு துகள்களாக உறைந்துவிடுகிறது. எஃகின் மேற்பரப்பைக் காக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். மேக்னாகட்டில் குரோமிய கார்பைடு உருவாகாதபடி கலவையை அமைத்திருக்கிறார்கள். உள்ள குரோமியம் முழுவதும் காவலுக்கு நிற்கிறது. ஆனாலும் உங்கள் பட்டியலில் உள்ள ஐந்தில் எதை எடுத்தாலும் எஃகு உங்களைக் கைவிடாது. அதே 1095-க்கு யார் பதம் கொடுத்தார்கள் என்பதுதான் பெயரைவிட முக்கியம். மேலே சொன்ன நிறுவனங்கள் அந்த வேலையை ஒழுங்காகச் செய்பவை.

இனி என் தேர்வு. செதுக்கும் வேலை அதிகம், பராமரிக்கும் பொறுமை குறைவு என்றால் கார்பெர்க். அதன் பிடி வார்ப்பு பிளாஸ்டிக், எஃகைச் சுற்றி நேரடியாக வார்த்தது. கழற்றி மாற்ற வழியில்லை. அறுத்து எடுத்துத்தான் புதியது போட முடியும். எஃப்1 நல்ல கத்தி, ஆனால் மாற்றியமைக்க நினைப்பவருக்கு அது இடம் கொடுக்காது. அதற்கும் வார்ப்புப் பிடி, கூரும் கான்வெக்ஸ் என்னும் உப்பலான வகையில் வருகிறது. வாங்கி அப்படியே பயன்படுத்துங்கள். பி.கே.2 கோடரியும் ரம்பமும் இல்லாமல் கிளம்பும் பிடிவாதக்காரர்களுக்கானது. விறகு பிளக்கும், நெம்பும், இரவு உணவுக்குக் காய் நறுக்கச் சொன்னால் கோபித்துக்கொள்ளும். மாற்றியமைப்பதில்தான் உங்களுக்கு ஆசை என்றால் போட்டி எஸ்ஸீ-4-க்கும் பி.கே.16-க்கும்தான். இரண்டிலும் பிடிப் பலகைகள் திருகாணியில் நிற்பவை. ஐந்து நிமிடத்தில் கழற்றலாம், தவறிப்போனால் பழையதைத் திரும்பப் பூட்டலாம். என்னைக் கேட்டால் பி.கே.16. சற்று மெல்லியது, விரல் வளைவு இல்லாதது, பேச்சு அதிகம் இல்லாமல் வேலை செய்வது. எஸ்ஸீ-4-இன் பக்கம் உள்ள பெரிய வலு அதன் ஆயுள்கால உத்தரவாதம். எப்படி உடைத்தாலும் மாற்றித் தருவார்கள் என்று பெயர்பெற்றது அது.

உத்தரவாதம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். அலகைத் தேய்த்துக் கோணம் மாற்றினாலோ துளையிட்டாலோ பல நிறுவனங்களின் உத்தரவாதம் அத்தோடு முடிந்துவிடும். தொடங்கும் முன் விதிகளைப் படியுங்கள். அலகின் நீளம், வெளியே கொண்டு செல்வது ஆகியவை பற்றி உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது.

மாற்றும் வேலையில் வரிசை முக்கியம். கூர் முதலில், பிடி இரண்டாவது, பூச்சு மூன்றாவது, உறை கடைசி. பிடியின் தடிப்பு மாறினால் உறையின் வாய் பொருந்தாது, பூச்சை உரித்தால் உறையின் இறுக்கம் தளரும். அழகான உறையை முதலில் செய்துவிட்டுப் பிறகு பிடியை மாற்றுபவர் உறையை இரண்டு முறை செய்வார்.

கூர் ஏன் முதலில்? தொழிற்சாலையிலிருந்து வரும் தடித்த கத்திகளில் பெரும்பாலானவை கூருக்குப் பின்னால் தேவைக்கு மேல் தடிப்பாக இருக்கின்றன. உடைந்து திரும்பி வரக்கூடாது என்பது அவர்கள் கவலை. அந்தத் தடிப்பை அளக்க வெர்னியர்கூடத் தேவையில்லை. கூரின் சரிவு பக்கத்துக்கு 20 பாகை என்று வைத்துக்கொண்டால், சரிவின் அகலம் 1.2 மி.மீ. இருக்கும்போது அதன் தோளில் எஃகு சுமார் 0.8 மி.மீ. தடிப்பு. மரத்தில் அது முரண்டு பிடிக்கும். தோளை 0.5 மி.மீ. வரை மெலித்து, கோணத்தைப் பக்கத்துக்கு 15 பாகைக்குக் கொண்டுவந்தால் அதே கத்தி வேறு கத்தியாகிவிடும். 1095-ஐ 57-க்கு மேல் கடினப்படுத்தாதபோது 15-க்கும் கீழே போகாதீர்கள். 17, 18 பாகை பாதுகாப்பான இடம்.

எனக்குப் பிடித்த முறை கான்வெக்ஸ், அதாவது சரிவைச் சற்று உப்பலாக்கித் தோளைக் கரைத்துவிடுவது. இயந்திரம் வேண்டாம். கணினி மவுஸின் கீழ் விரிக்கும் மெத்தென்ற திண்டின்மேல் நீர்தாங்கும் உப்புத்தாளை விரியுங்கள். கூரின் சரிவு முழுவதும் கறுப்பு மார்க்கரால் தீட்டிவிடுங்கள். கத்தியின் முதுகைக் கொஞ்சம் தூக்கி, கூர் பின்னால் வரும்படி உங்களை நோக்கி இழுங்கள். கூரை முன்னே தள்ளினால் தாள் கிழியும். நான்கைந்து இழுப்புக்குப் பின் பாருங்கள். மை தோளில் மட்டும் அழிந்திருந்தால் இன்னும் கூரைத் தொடவில்லை என்று பொருள். கூரின் நுனியில் மட்டும் அழிந்திருந்தால் அதிகம் தூக்கிவிட்டீர்கள். தோளில் தொடங்கி நுனி வரை மை சீராகப் போக வேண்டும். தாளின் அடியில் உள்ள மென்மைதான் உப்பலை உருவாக்குகிறது. அழுத்தினால் தாள் எழும்பிக் கூரின் நுனியையே உருட்டிவிடும், ஆகவே கத்தியின் எடை மட்டும் போதும். மெலிக்க வேண்டிய எஃகு நிறைய இருந்தால் 220 எண் தாளில் தொடங்கி, பிறகு 400, 800, 1500 என்று ஏறுங்கள். ஒவ்வொரு தாளிலும் மறுபக்கம் முழு நீளத்துக்கும் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்பட்ட பிறகே அடுத்த தாள். கடைசியில் பாலீஷ் பசை தடவிய தோல் பட்டையில் பக்கத்துக்கு இருபது இழுப்பு.

கார்பெர்க்குக்கு இது வேண்டாம். ஸ்காண்டியின் சரிவைத் தட்டையாகக் கல்லில் வைத்துத் தீட்டிவிட்டு, கடைசியில் மட்டும் நான்கைந்து முறை முதுகைச் சற்றுத் தூக்கி மிக நுண்ணிய இரண்டாம் சரிவு கொடுத்தால், கணுக்களில் கூர் மடிவது பெரிதும் குறையும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியதாக இருந்தால் சீவலில் எந்தக் குறையும் தெரியாது.

மின்சாணை, பெல்ட் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கூரின் நுனி மெல்லியது, சூடு அங்கே ஒரு நொடியில் ஏறும். சாதாரணக் கார்பன் எஃகு 220 பாகை செல்சியஸ் வாக்கில் வெளிர்மஞ்சளாகவும் 300-ஐ ஒட்டி நீலமாகவும் நிறம் மாறும். நீலம் கண்ணில் பட்டால் அந்த இடத்தின் பதம் போய்விட்டது; அந்த அளவு எஃகைத் தேய்த்து எடுப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை. வெறும் விரலால் அலகைப் பிடித்துத் தேய்ப்பதும் ஒவ்வொரு தடவைக்கும் தண்ணீரில் முக்குவதும் பழைய பட்டறைப் பழக்கம், இன்றும் அதுவே சரி.

அடுத்து முதுகு. தீப்பொறிக் கோலை உரசுவதற்கு முதுகின் விளிம்பு கூர்மையான செங்கோணமாக இருக்க வேண்டும். கார்பெர்க்கில் அது அப்படியே தேய்த்து வருகிறது. பூச்சுள்ள கத்திகளில் பூச்சே விளிம்பை மழுங்கடித்துவிடும். வைர அரத்தாலோ தட்டையான கல்லாலோ முதுகைச் சமமாகத் தேய்த்தால் போதும். சாதாரண அரம் பதம் போட்ட எஃகில் வழுக்கும், அரமும் வீணாகும். பழைய பேனாவின் பிளாஸ்டிக் உடலில் சுரண்டிப் பாருங்கள். தூளாக உதிராமல் சுருளாக எழுந்தால் முதுகு தயார். ஆனால் முழு நீளத்துக்கும் இப்படிச் செய்யாதீர்கள். பிடியிலிருந்து மூன்று சென்டிமீட்டர் வரை கட்டைவிரல் அழுந்தும் இடம். அங்கே விளிம்பை மழுக்கிவிடுங்கள், அந்த இடத்தில் பல் பல்லாக வெட்டியிருந்தால் அதையும் சேர்த்து. முதுகில் ரம்பப் பற்கள் வெட்டிக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வேண்டவே வேண்டாம். மரத்தையும் ஒழுங்காக அறுக்காது, முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளக்கும்போது கட்டையைத்தான் தின்னும்.

பிடிக்கு வருவோம். எந்த வேலையானாலும் முதலில் அலகைத் தடித்த டேப்பால் சுற்றிவிடுங்கள். பிடியைத் தேய்க்கும்போது கவனம் முழுவதும் பிடியில் இருக்கும். வெட்டுக்காயம் அப்போதுதான் வரும்.

அளவுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. கத்தியைச் சுத்தியல்போல் இறுகப் பிடித்தால் விரல் நுனிகள் உள்ளங்கைச் சதையை மெல்லத் தொட வேண்டும். சதைக்குள் புதைந்தால் பிடி ஒல்லி, எட்டவே இல்லை என்றால் தடித்தது. எஸ்ஸீ-4-இன் பிடியைப் பற்றி அதிகம் கேட்கும் குறை அது ஒல்லியாகவும் தட்டையாகவும் இருப்பதுதான். நடு வயிறு சற்றுப் பருத்த, தடித்த பலகைகள் தனியாகக் கிடைக்கின்றன. வட்டமான பிடி எப்போதும் தவறு. குறுக்குவெட்டு முட்டை வடிவில் இருந்தால் இருட்டிலும் கூர் எந்தப் பக்கம் என்பது கைக்குத் தெரியும்.

எங்கே தேய்க்க வேண்டும் என்பதை ஊகிக்காதீர்கள், கையிடமே கேளுங்கள். கையுறை இல்லாமல் அரை மணி நேரம் விடாமல் மரம் சீவுங்கள். பிறகு உள்ளங்கையைப் பாருங்கள். சிவந்த இடங்கள் இரண்டு மூன்று இருக்கும். ஆள்காட்டி விரலின் அடியிலும் உள்ளங்கையின் சுண்டுவிரல் ஓரத்திலும்தான் பெரும்பாலும். அதே பிடியில் கத்தியைப் பிடித்து, அந்த இடங்களைத் தொடும் பகுதிகளைப் பென்சிலால் குறியுங்கள். குறித்த இடத்தை மட்டும் 120 எண் உப்புத்தாளை நாடாபோல் கிழித்து, காலணிக்குப் பாலீஷ் போடுவதுபோல் முன்னும் பின்னும் இழுத்துத் தேயுங்கள். பத்து இழுப்பு, ஒரு சீவல், மறுபடி பார்த்தல். அரை மில்லிமீட்டர் போனாலே வேறுபாடு தெரியும். மொத்தப் பிடியையும் ஒரேயடியாக மெலிப்பவர்கள் கடைசியில் புதுப் பலகை வாங்குகிறார்கள்.

பலகைக்கு எந்தப் பொருள்? துணி அடுக்குகளைப் பிசினில் அழுத்திச் செய்வது மைக்கார்ட்டா. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் 1910 வாக்கில் மின்காப்புப் பொருளாகக் கொண்டுவந்தது. கண்ணாடி இழையும் எப்பாக்சி என்னும் ஒட்டுப் பிசினும் சேர்ந்தது ஜி10. ஜி10 உறுதியில் மேல், ஆனால் பாலீஷ் போட்டால் ஈரத்தில் வழுக்கும். கித்தான் மைக்கார்ட்டா 220-க்கு மேல் தேய்க்காமல் விட்டால் நனைந்ததும் இழைகள் எழுந்து பிடிமானம் கூடுகிறது. வெளிப்பயணக் கத்திக்கு அதற்கு மேல் ஒரு பொருள் வேண்டியதில்லை என்பது என் எண்ணம். இரண்டின் தூசியும் நுரையீரலுக்குப் பகை. தண்ணீர் தெளித்தே தேயுங்கள், துகள் வடிகட்டும் முகமூடி கட்டாயம், துணி முகமூடி கணக்கில் வராது.

மரப் பலகை அழகு, ஆனால் ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். பிசின் ஏற்றிய மரம் என்றால் பரவாயில்லை. சாதாரண மரத்துக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடாகும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துப் போட்டு வெளியில் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவையுங்கள்.

திருகாணியில் நிற்கும் பலகைக்கு எப்பாக்சி தேவையில்லை. பலகைக்கும் எஃகுக்கும் நடுவில் எண்ணெயோ மெழுகோ தடவிப் பூட்டினால் போதும்; ஆண்டுக்கு ஒருமுறை கழற்றி உள்ளே துரு உண்டா என்று பார்க்கலாம். ஒட்டிவிட்டால் அந்த வசதி போய்விடும்.

பூச்சை உரிப்பது தோற்றத்துக்காக மட்டும் செய்யும் வேலை இல்லை. பவுடர் பூச்சு மரத்திலும் அட்டையிலும் இழுபடும். உரித்துத் தேய்த்த அலகு குறைந்த பலத்தில் உள்ளே போகும். பெயின்ட் நீக்கும் ஜெல்லைத் தடவி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, காற்றோட்டமான இடத்தில் கொஞ்ச நேரம் விட்டால் பூச்சு தோலாக எழுந்து வரும். கையுறையும் கண்ணாடியும் வேண்டும். பிடியைக் கழற்றிய பிறகே தொடங்க வேண்டும். பூச்சைச் சூடுகாட்டி எரிக்கலாமா என்றால் கூடாது, பதம் என்னவாகும் என்று மேலே சொன்னேன். உரித்ததும் பளபளக்கும் எஃகை எதிர்பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். அடியில் இருப்பது பதம் போடும்போது உருவான கரிந்த சொரசொரப்பான மேற்பரப்பு. கண்ணாடிபோல் ஆக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் பல மாலைகள் போகும். 120, 220, 400 என்று ஒரே திசையில் தேய்த்து, ஆழமான குழிகளை அப்படியே விடுவது புத்திசாலித்தனம்.

வெறும் 1095 ஈரக்கையால் தொட்டாலே துருப்பிடிக்கும். அதனால் கருமை ஏற்ற வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவிய அலகைச் சூடான வினிகரில் தொங்கவிடுங்கள். குமிழ்கள் ஏறும், சாம்பல் நிறம் படியும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துத் துடைத்து, வேண்டிய நிறம் வந்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் முக்கி, நன்றாகக் கழுவி, எண்ணெய் பூசுங்கள். அமிலம் கூரையும் கொஞ்சம் அரித்திருக்கும், மறுபடி தீட்ட வேண்டும். இந்தக் கருமை சிவப்புத் துருவைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. எண்ணெய்த் துணி தொடர வேண்டும். கார்பெர்க்கின் துருப்பிடிக்காத வகையில் வினிகர் எதையும் செய்யாது, முயற்சி செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

உறைக்குக் கைடெக்ஸ், தோல் என்று இரண்டு வழி. கைடெக்ஸ் சூட்டில் இளகும் பிளாஸ்டிக் தகடு. 165 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கி, டேப் சுற்றிய கத்தியின்மேல் போர்த்தி, இரண்டு நுரைத் திண்டுகளுக்கு நடுவில் ஆறும் வரை அழுத்தினால் உருவம் பிடித்துவிடும். டேப்பை அலகில் இரண்டு மூன்று அடுக்கு சுற்றுங்கள். கழற்றிய பின் கிடைக்கும் இடைவெளிதான் அலகைக் கீறலிலிருந்து காக்கும். பிடி தொடங்கும் இடத்தில் மட்டும் இறுகினால் போதும். தலைகீழாகப் பிடித்து உலுக்கினால் விழக்கூடாது, கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினால் வெளியே வர வேண்டும். இறுக்கம் அதிகமானால் அந்த இடத்தை மட்டும் சூடான காற்றால் இளக்கி விரிக்கலாம். அடியில் நீர் வடிய ஒரு துளை விட மறக்காதீர்கள். உள்ளே போன மணலும் அதன் வழியாகத்தான் கழுவி வெளியேற வேண்டும்.

தோல் உறை செய்வதானால் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல், மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாமல். குரோமிய உப்பில் பதனிட்ட மென்தோல் கார்பன் எஃகை அரிக்கும், ஈரத்தில் உருவமும் நிற்காது. தைக்கும் ஓரத்தில் இரண்டு பக்கத்துக்கும் நடுவே இன்னொரு தோல் துண்டை வைத்துத் தைக்க வேண்டும். இல்லையென்றால் கூர் நேராக நூலில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறை உருவும்போதும் ஓரிரு தையலை அறுத்துவிடும். கடைசியில் விரலைத்தான் அறுக்கும். நனைத்து, பிளாஸ்டிக் உறை சுற்றிய கத்தியைச் செருகி, விரலால் அழுத்தி உருவம் கொடுத்து நிழலில் காயவிடுங்கள். தோல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் 1095 அலகை மாதக்கணக்கில் அதற்குள் வைக்காதீர்கள்; தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வீட்டில் இருக்கும்போது கத்தியை எண்ணெய் பூசி உலர்ந்த துணியில் சுற்றி ஒரு பக்கம், உறையைக் காற்றாட மறுபக்கம்.